கீறலும் மெருகும்

துலக்குதல், தேய்த்தல், மெருகிடுதல் என்னும் மூன்று சொற்களையும் பேச்சில் ஒன்றன் இடத்தில் மற்றொன்றை இட்டு வழங்குவர். பாத்திரம் துலக்கினாள் என்றாலும் தேய்த்தாள் என்றாலும் வீட்டில் ஒரே பொருள்தான். ஆயின் உலோகத்தின் பக்கமிருந்து நோக்கின் இவை மூன்றும் வேறு வேறு செயல்கள். துலக்கும்போது மேலே படிந்த களிம்பும் அழுக்கும் நீங்கும்; உலோகம் ஏறக்குறைய முன்போலவே இருக்கும். தேய்க்கும்போது உலோகமே குறையும். மெருகிடும்போது எஞ்சிய கீறல்கள் கண்ணுக்குப் புலப்படாத அளவு நுண்மையாகும். இவ்வேறுபாட்டை அறியாமல் பாழாக்கப்பட்ட மடக்குக் கத்திகள் பல.

பினாங்கு ஜார்ஜ் டவுனின் லிட்டில் இந்தியா கடலுக்கு நடைதூரத்தில் உள்ளது. தமிழர் கடைத்தெரு என்றழைக்கும் மார்க்கெட் தெருவிலும் அதைச் சூழ்ந்த தெருக்களிலும் உப்புக் காற்று ஓயாது வீசும். அங்கே சட்டைப் பையில் கிடக்கும் கத்திக்குத் 'துருப்பிடிக்காத எஃகு' என்னும் பெயரே முழுக் காப்பு ஆகாது. அவ்வெஃகில் நூற்றுக்கு 10.5 பங்குக்குக் குறையாமல் கலந்துள்ள குரோமியம் மேற்பரப்பில் மெல்லிய படலம் ஒன்றை உண்டாக்குகிறது. உப்பிலுள்ள குளோரைடு அப்படலத்தைத் துளைக்க வல்லது. ஆழ்ந்த கீறலில் ஈரமும் உப்பும் தங்குமாதலால் அரிப்பு பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும். ஆயுத பூசையன்று இட்ட சந்தனத்தை ஈரத்தோடு நாள்கணக்கில் விட்டுவைப்பதும், எலுமிச்சம்பழத்தைக் கத்தியில் குத்தி அப்படியே வைப்பதும் இதற்குத் துணை செய்யும். பூசை முடிந்தபின் கழுவித் துடைப்பதால் எந்தத் தெய்வமும் குறைப்படாது.

ஆகவே கீறலைப் போக்குவது அழகுக்காக மட்டும் அன்று. ஆனால் கீறல் என்பது ஒரு பள்ளம். அதை மெருகுப் பசை நிரப்பாது. சுற்றியுள்ள பரப்பு முழுவதையும் அப்பள்ளத்தின் அடிமட்டம் வரை தேய்த்துக் குறைத்தாலன்றி அது மறையாது. நகத்தை அதன்மேல் குறுக்கே இழுத்துப் பார்த்தால் ஆழம் தெரியும். நகம் தடுக்கினால், அதற்காக எவ்வளவு எஃகை இழப்பது என்று எண்ணிய பின்னரே கைவைக்க வேண்டும். மெல்லிய அலகில் ஆழ்ந்த கீறலை விட்டுவிடுவதே அறிவுடைமை.

எந்த உலோகம் என்று தெரிந்துகொள்வது அடுத்தது. பிடியின் இரு முனைகளிலும் உள்ள பூண்கள் பித்தளையாயின் எளிதில் மெருகேறும். முலாம் பூசியவையாயின் சிறிது தேய்த்தாலும் உள்ளிருக்கும் உலோகம் வெளிப்படும். நிறமேற்றிய அலுமினியப் பிடியில் கீறலைத் தேய்த்தால் நிறப்படலமும் போகும். அதை வீட்டில் மீட்க இயலாது. பித்தளைக்குப் புளி நன்று. கார்ப்பன் எஃகில் புளி பட்டால் கருங்கறை படியும்.

வேலை தொடங்குமுன் கத்தியின் வாய்மேல் தடித்த ஒட்டுநாடாவை ஒட்டிவிட வேண்டும். நீரில் நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாளைத் தட்டையான மரத்துண்டில் சுற்றிப் பயன்படுத்துக. விரலால் அழுத்தினால் பரப்பில் குழி விழும். கீறல் நடுத்தரமாயின் 400-ஆம் எண் தாளில் தொடங்கி 600, 1000, 2000 என ஏறலாம். ஒவ்வொரு தாளுக்கும் தேய்க்கும் திசையை மாற்றுவதே இதில் நுட்பம்: முன் தாள் நீளவாக்கில் இட்ட கோடுகள், அடுத்த தாள் குறுக்கே செல்லும்போது தனித்துத் தெரியும். அவை முற்றும் மறையுமுன் மேலேறினால், கடைசியில் பளபளப்பின் நடுவே அவையே முதலில் கண்ணில் படும். பொறுமையில்லாதார் கெடுப்பது இவ்விடத்தில்தான். இறுதியில் மென்துணியில் பிராசோ போன்ற பசையைத் தொட்டுத் தேய்த்தால் போதும். கடையில் வாங்கியபோதே அலகில் ஒரே திசையில் மெல்லிய வரிகள் இருந்திருப்பின், கண்ணாடிப் பளபளப்பை நாடாமல் 600-ஆம் தாளால் அதே திசையில் இழுத்து நிறுத்தலாம். பின்னால் படும் சிறு கீறல்கள் அவ்வரிகளோடு கலந்து மறையும்.

சுழலும் சாணையில் இவ்வேலையைச் செய்யலாகாது. சூட்டில் எஃகின்மேல் நீலம் ஓடினால் அது ஏறக்குறைய 300 பாகை செல்சியசு தொட்டது என்று பொருள். அவ்விடத்தில் கத்தியின் பதம் தளர்ந்திருக்கும்.

இதே வட்டாரத்தில், பினாங்குத் தெருவிலுள்ள நகரத்தார் கோவில் வீட்டிலிருந்து தைப்பூசத்துக்கு எழுந்தருளும் வெள்ளி ரதம் 1894-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. வெள்ளி கறுப்பது கந்தகச் சேர்க்கையால். அதற்குத் துலக்குதலே உரியது. அத்தகைய பொருளில் உப்புத்தாள் பட்டால் புடைத்தெழுந்த வேலைப்பாடு மழுங்கிப்போகும். கத்திக்கு மருந்தாவது அங்கே நஞ்சு.

தேய்த்து முடித்த கத்தியைச் சோப்பு நீரில் கழுவிக் கீலுக்குள் புகுந்த பொடியை நீக்கி, ஈரம் போக உலர்த்திய பின் எண்ணெய் இட வேண்டும். புறநானூற்று 95-ஆம் பாட்டில் ஔவையார் தொண்டைமானின் படைக்கலங்களைக் கண்டு சொல்வனவற்றுள் பீலியும் மாலையும் மட்டுமல்ல, நெய் பூச்சும் உண்டு. வகுப்பில் அப்பாட்டின் எள்ளலை விளக்குவோர் இந்நெய்யை அணிகலன்களோடு சேர்த்து எண்ணிக் கடந்துவிடுகின்றனர். பயன்படாது கிடக்கும் இரும்புக்கு அது தேவை. போரில் முனை சிதைந்து கொல்லன் கொட்டிலை அடைந்த அதியமான் வேல்களுக்குத் தேவைப்பட்டது அரமும் உலையும். மடக்குக் கத்திக்கு இன்று நெய் வேண்டாம். நல்லெண்ணெய் நாள்பட்டால் பிசுபிசுத்துக் கீலை இறுக்கும். பழம் நறுக்கும் கத்தியாயின் உணவில் படத்தக்க பாரபின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு, அலகை நான்கைந்து முறை திறந்து மூடினால் போதும்.