அதிசயப் பழமும் கொல்லைக் கொய்யாவும்



போன மாதம் ஒரு கிராமத்தில் மண் மாதிரி எடுக்கப் போயிருந்தேன். வேலை முடிந்து திண்ணையில் உட்கார்ந்தபோது, வீட்டுக்காரப் பெரியவர் ஒரு பாட்டிலைக் கொண்டுவந்து காட்டினார். "சார், இது நோனிச் சாறு. சர்க்கரை, மூட்டுவலி, ரத்தக் கொதிப்பு எல்லாத்துக்கும் இது ஒண்ணே போதும்னு சொல்லி வித்தாங்க. நம்ம வீட்டுல மூணு மாசமா குடிக்கிறா. சர்க்கரை மாத்திரையைக்கூட நிறுத்திட்டா" என்றார். ஒரு பாட்டில் ஆயிரம் ரூபாய்க்கு மேலாம். அதே வீட்டுக் கொல்லையில், அணில் கொறித்தது போக மீதிக் கொய்யாப் பழங்கள் மண்ணில் கிடந்தன.

அந்தத் திண்ணையில் சொன்னதைத்தான் இன்று உங்களுக்கும் சொல்லப் போகிறேன்.

'சூப்பர் பழம்', 'அதிசயப் பழம்' என்கிற பெயரெல்லாம் வியாபாரிகள் வைத்தவை. பயிர் நூலிலோ மருத்துவ நூலிலோ அப்படி ஒரு பழவகை கிடையாது. நோனியையே எடுத்துக்கொள்ளுங்கள். நம் வேலியோரத்தில் நிற்கிறதே நுணா, மஞ்சணத்தி என்றும் சொல்வோமே, அதன் நெருங்கிய இனம்தான் நோனி. பசிபிக் தீவுகளில் வீட்டு வைத்தியத்துக்கு வைத்திருந்த மரம். 1990-களில் அமெரிக்க வியாபாரிகள் அதன் சாற்றைப் பாட்டிலில் அடைத்து, ஆளுக்கு ஆள் சேர்த்து விற்கும் முறையில் உலகமெங்கும் அனுப்பினார்கள். சர்க்கரை தீரும், புற்றுநோய் தீரும் என்று சொல்லி விற்றதால், 1998-இல் அமெரிக்காவின் நான்கு மாநில அரசுகள் தலையிட்டன. ஆதாரமில்லாமல் அப்படிச் சொல்வதில்லை என்று விற்றவர்கள் எழுதிக்கொடுக்க வேண்டி வந்தது. ஐரோப்பிய விஞ்ஞானிகள் குழு 2002-இல் இந்தச் சாற்றை ஆராய்ந்தது. மற்றப் பழச்சாறுகளுக்கு இல்லாத தனி நன்மை இதற்கு இருப்பதாக ஆதாரம் இல்லை என்பதே அவர்கள் முடிவு. நம் நாட்டிலும் சர்க்கரை, புற்றுநோய் போன்றவற்றைத் தீர்க்கும் என்று விளம்பரம் செய்வதைத் தடுக்கும் சட்டம் 1954-இலிருந்தே இருக்கிறது. ஆனால் திண்ணைக்கு வந்து வாயால் சொல்கிறவனை எந்தச் சட்டம் பிடிக்கும்?

சரி, அவர்கள் சொல்லும் 'ஆன்டி ஆக்சிடென்ட்' என்பது பொய்யா? பொய் அல்ல. நறுக்கிய வாழைக்காய் காற்றுப் பட்டுக் கறுக்கிறது. எலுமிச்சைச் சாறு பிழிந்தால் அவ்வளவாகக் கறுப்பதில்லை. அப்படிக் காக்கும் சத்து பல பழங்களில், கீரைகளில் உண்டு. ஆனால் சோதனைக் குழாயில் நடப்பது அப்படியே நம் உடம்பில் நடக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. அமெரிக்க வேளாண்மைத் துறை இந்தச் சக்தியை அளந்து ஒரு பட்டியல் வைத்திருந்தது. கம்பெனிக்காரர்கள் அந்த எண்களை விளம்பரத்துக்குத் தவறாகப் பயன்படுத்தியதால் 2012-இல் அதை எடுத்தே விட்டார்கள். பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் சுமார் 29,000 பேரை வைத்துப் பெரிய சோதனை செய்தார்கள். கேரட்டில் உள்ள பீட்டா கரோட்டினை மாத்திரையாகக் கொடுத்தால் நுரையீரல் புற்று குறையும் என்று எதிர்பார்த்தார்கள். 1994-இல் முடிவு வந்தபோது, மாத்திரை சாப்பிட்டவர்களிடையே நோய் 18 சதவீதம் அதிகமாக இருந்தது! கேரட்டின் மேல் குற்றமில்லை. சத்தைப் பிரித்தெடுத்து மருந்தாக்கியதில்தான் கணக்குத் தப்பியது.

இப்போது கொல்லைக்கு வருவோம். வளர்ந்த ஆணுக்கு ஒரு நாளைக்கு 80 மில்லிகிராம், பெண்ணுக்கு 65 மில்லிகிராம் வைட்டமின் 'சி' தேவை. நூறு கிராம் கொய்யாவில் இது 200 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. அதாவது பாதிப் பழமே போதும். காசு கொடுத்து வாங்கும் ஆப்பிளில் ஐந்து மில்லிகிராம்கூட இல்லை. பெருநெல்லியில் கொய்யாவைவிடவும் அதிகம். தேவைக்கு மேல் போனால் பெரும்பகுதி சிறுநீரோடு போய்விடும். ஆகவே கிலோ கணக்கில் தின்பதில் லாபமில்லை. கொய்யாவைத் தோலோடு தின்னுங்கள், தோல் பக்கம்தான் இந்தச் சத்து அதிகம். ஜாம் காய்ச்சினால் சூட்டில் ஓரளவு அழிந்துவிடும்.

இதை முக்கியமாகப் பெண்களுக்குச் சொல்கிறேன். நம் மாநிலத்தில் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை உள்ளவர்கள். கீரையிலும் கேழ்வரகிலும் உள்ள இரும்புச்சத்து உடம்பில் எளிதில் சேராது. கூடவே வைட்டமின் 'சி' இருந்தால் நன்றாகச் சேரும். முருங்கைக்கீரைச் சாப்பாட்டோடு ஒரு துண்டு கொய்யாவோ நெல்லிக்காயோ சேர்த்துக்கொள்ளுங்கள். சாப்பிட்ட கையோடு டீ குடிப்பதைத் தள்ளிப் போடுங்கள், டீ இரும்பைச் சேரவிடாது.

அதற்காகக் கொய்யாவையும் சர்க்கரைக்கு மருந்து என்று நான் சொல்லவில்லை. பிறகு அந்தப் பாட்டில்காரனுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? நான் விவசாயம் படித்தவன். மாத்திரையைக் கூட்டுவதும் குறைப்பதும் டாக்டர் வேலை. ஒன்று மட்டும் சொல்லியாக வேண்டும். நோனிச் சாற்றில் பொட்டாசியம் உண்டு. சிறுநீரகம் கெட்டவர்களுக்கு அது ரத்தத்தில் தங்கி இதயத்தைப் பாதிக்கலாம். நோனி குடித்த ஒரு சிறுநீரக நோயாளிக்குப் பொட்டாசியம் ஏறியதை 2000-இல் மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். சர்க்கரை முற்றினால் சிறுநீரகமும் கெடும் என்பதை நினைவில் வையுங்கள்.

பயிரிடும் ஆசைக்கு வருகிறேன். எனக்குத் தெரிந்த ஒரு விவசாயி, விளைந்ததையெல்லாம் திரும்ப வாங்கிக்கொள்வோம் என்ற வாக்கை நம்பி அரை ஏக்கரில் நோனி வைத்தார். மரம் நன்றாகத்தான் காய்த்தது. வாங்குவதாகச் சொன்னவர்களைக் காணோம். கனிந்த நோனி கெட்ட வாடை அடிக்கும். சந்தையில் கூறு கட்டி வைத்தால் யார் வாங்குவார்கள்? டிராகன் பழம் அப்படியல்ல. 2021-இல் குஜராத் அரசு 'கமலம்' என்று பெயர் சூட்டியதே, அந்தக் கள்ளியினப் பழம் நம் வறண்ட பூமியிலும் வரும். ஆனால் கல்தூண் நட, நாற்று வாங்க முதலிலேயே பெரும் பணம் போட வேண்டும். சாதாரணப் பழமாக விற்றால் கிலோவுக்கு என்ன கிடைக்கும் என்று பக்கத்து மண்டியில் நீங்களே விசாரித்து, அந்த விலைக்குக் கட்டினால் வையுங்கள். நாற்று விற்கிறவரிடம் விலை கேட்காதீர்கள்.

பெரியவர் மறுநாளே மனைவியை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போனாராம். சர்க்கரை 300-க்கு மேல் இருந்ததாகப் போனில் சொன்னார். மாத்திரை மறுபடி தொடங்கியாயிற்று. "பாட்டில்ல பாதி மிச்சம் இருக்கு, என்ன சார் பண்றது?" என்று கேட்டார். அதைக் கொட்டிவிடச் சொன்னேன்.