தங்கம் சுவரில்... விஷம் காற்றில்!

பிரெஞ்சு அரண்மனை வருகிற ஹாலிவுட் படம் ஏதாவது பார்த்திருப்பீங்க. அடுத்த தடவை ராஜா, ராணியை விட்டுட்டு சுவரைப் பாருங்க. கண்ணாடிக்கு ரெண்டு பக்கமும் தங்கக் கிளை மாதிரி கை நீட்டி, மெழுகுவத்தி ஏந்திட்டு இருக்கே... அந்தச் சுவர் விளக்குக்குள்ளே ஒரு கெமிஸ்ட்ரி பாடமும், ஒரு பெரிய சோகமும் இருக்கு பாஸ்!

1738-ல் ஹெர்குலேனியம், 1748-ல் பாம்பேய் என்று எரிமலை மூடிய ரோமானிய ஊர்களைத் தோண்ட ஆரம்பித்ததும், ஐரோப்பாவே பழைய ரோம் மேல லவ்வாகிடுச்சு. அதனால பதினாறாம் லூயி காலத்து விளக்குகளில் தூண், பூஜாடி, ஆட்டுத்தலை, இலைமாலைதான் ஃபேஷன்.

உள்ளே வெண்கலம்; மேலே மட்டும்தான் தங்கம். அதை எப்படி ஏத்தினாங்க? தங்கத்தைப் பாதரசத்தில் கரைத்து, வெண்ணெய் மாதிரி குழைத்து, வெண்கலத்தில் பூசி, கரி நெருப்பில் காட்டுவாங்க. பாதரசம் 357 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். தங்கம் உருகவே 1,064 டிகிரி வேணும். அதனால பாதரசம் ஆவியாப் போகும், தங்கம் ஒட்டிக்கும். சிம்பிள்!

ஆனா, அந்த ஆவி எங்கே போகும்? வேலை செய்றவர் நுரையீரலுக்குத்தான். கை நடுக்கம், பல் உதிர்றது, சீக்கிரமே சாவு. மெழுகுவத்தி வெளிச்சத்தில் விருந்து சாப்பிட்டவங்க யாரும் இதைக் கண்டுக்கலை.

கண்டுக்கிட்டவர் ஒருத்தர், அதுவும் அந்தத் தொழில்லயே இருந்தவர். ஆந்த்வான் ராவ்ரியோ என்ற பாரிஸ் வெண்கலக் கலைஞர் 1814-ல் இறந்தபோது, முலாம் பூசுபவர்களைப் பாதரசத்திலிருந்து காப்பாத்த வழி கண்டுபிடிக்கறவருக்கு 3,000 ஃபிராங்க் பரிசுன்னு உயில் எழுதி வெச்சிருந்தார். அந்தப் பரிசைத் தட்டியவர் வேதியியலாளர் தார்சே. 1818-ல் அவர் வெளியிட்ட ஐடியா, ஒரு அடுப்பு! புகைபோக்கிக்குள்ளே இன்னொரு சின்ன நெருப்பு. சூடான காற்று மேலே ஏறும்போது, விஷ ஆவியையும் இழுத்துட்டுப் போயிடும். மோட்டாரும் இல்லை, கரன்ட்டும் இல்லை. 1840-ல் இங்கிலாந்தில் எல்கிங்டன் மின்முலாமுக்குப் பேட்டன்ட் வாங்கின பிறகுதான், பாதரசமே இல்லாமல் தங்கம் ஏத்தும் வழி பரவ ஆரம்பித்தது.

நம்ம லேப்ல நச்சுப்புகையை உறிஞ்சுற கண்ணாடிக் கூண்டு இருக்கே, அது செய்றதும் அதே வேலைதான். 'சுவிட்சைப் போடு'ன்னு சார் கத்தினா சலிச்சுக்காதீங்க. அந்த வசதி இல்லாமல் மூச்சுவிட்டவங்க கை பட்ட தங்கம்தான், இன்னிக்கும் மியூசியங்களில் மின்னிட்டு இருக்கு!