பேய் அமுக்கும் இரவுகள்

"ராத்திரி என்னைப் பேய் அமுக்கிப்போட்டுது" என்று சொல்பவரை யாழ்ப்பாணத்தில் எந்தக் குறிச்சியிலும் காணலாம். விடியப்புறம் முழிப்பு வருகிறது. முகட்டு ஓடு தெரிகிறது, பக்கத்தில் படுத்திருக்கும் பிள்ளையின் மூச்சுக் கேட்கிறது. ஆனால் கையைத் தூக்க முடியவில்லை, கத்த வாய் வரவில்லை. நெஞ்சில் யாரோ ஏறி இருப்பதுபோல் பாரம். வாசல் பக்கம் ஓர் உருவம் நிற்பதாகவும் தோன்றும். ஒன்றிரண்டு நிமிடத்தில் எல்லாம் விட்டுப்போகும். உடம்பு வியர்த்து ஊற்றியிருக்கும். அடுத்த நாள் கையில் நூல் கட்டுவார்கள், தலையணைக்குக் கீழே இரும்புத் துண்டு வைப்பார்கள்.

கண்டவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு மூளைக் கோளாறும் இல்லை. அவருக்கு நேர்ந்தது நித்திரையின் ஒழுங்கில் ஏற்பட்ட ஒரு சின்னப் பிசகு.

1953இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் அசெரின்ஸ்கி, கிளைட்மன் என்ற இருவர், நித்திரையில் இருப்பவரின் மூடிய இமைக்குள் விழிகள் இடைக்கிடை வேகமாக ஓடுவதைக் கண்டுபிடித்தனர். அந்நேரம் எழுப்பினால் பெரும்பாலானோர் கனவு கண்டதாகச் சொன்னார்கள். வளர்ந்தவரின் நித்திரையில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு இந்தக் கனவு நித்திரைதான். அது சுமார் 90 நிமிடத்துக்கு ஒரு தடவை வந்து போகும். விடியலை நெருங்க நெருங்க நீளும். சில ஆண்டுகளில் பிரான்சின் லியோன் நகரில் மிஷேல் ஜூவே இன்னொன்றைக் காட்டினார். கனவு நித்திரையின்போது மூளைத்தண்டு உடம்பின் தசைகளைத் தளர்த்தித் தாழ்ப்பாள் போட்டுவிடுகிறது. இல்லாவிட்டால் கனவில் ஓடுபவர் பாயை விட்டெழுந்து ஓடுவார். கண் தசையும் மூச்சை இழுக்கும் உதரவிதானமும் மட்டும் வேலை செய்யும்.

சில வேளை மனம் முழித்துக்கொள்ள, தாழ்ப்பாள் திறக்கப் பிந்திவிடுகிறது. அந்த இடைவெளிதான் அமுக்கம். மருத்துவர்கள் இதை நித்திரை வாதம் என்பார்கள். நெஞ்சுத் தசைகள் தளர்ந்திருப்பதால் ஆழமாக மூச்செடுக்க முயன்றாலும் முடிவதில்லை. அதுவே பாரமாகத் தெரிகிறது. கனவின் மிச்சம் கண்முன் உருவமாக நிற்கிறது. மூளையின் பயமறியும் பகுதியும் அந்நேரம் முழு வேகத்தில் இருப்பதால், அந்த உருவம் நல்லதாக இருப்பது அபூர்வம். மல்லாந்து படுப்பவர்களுக்கும், நேரம் தவறி உறங்குபவர்களுக்கும், நித்திரை முழிப்பவர்களுக்கும் இது கூடுதலாக வரும். 2011இல் வெளியான ஒரு தொகுப்பாய்வின்படி, வாழ்நாளில் ஒருதடவையாவது இதை அனுபவித்தவர்கள் பொதுமக்களில் சுமார் 8 சதவீதம், மாணவர்களில் 28 சதவீதம். உயர்தரப் பரீட்சைக்கு விடிய விடிய இருந்து படிக்கும் பிள்ளை அமுக்கம் கண்டு பயந்தால் பூசாரியிடம் ஓடுவதற்கு முன் அதன் நித்திரை நேரத்தைப் பாருங்கள். அமுக்கம் வரும்போது முழு உடம்பையும் அசைக்கப் போராடாமல் ஒரு கால்விரலை மட்டும் அசைக்க முயன்றால் சீக்கிரம் விட்டுவிடுவதாகப் பலர் சொல்கிறார்கள்.

எப்போதாவது வரும் அமுக்கத்துக்கு இவ்வளவு போதும். கிழமைக்குக் கிழமை வந்தால் கதை வேறு. அமெரிக்காவில் மனநோய் மருத்துவராக இருக்கும் டெவன் ஹின்டன், பொல் பொட் ஆட்சியில் தப்பிய கம்போடிய அகதிகளிடையே ஆய்வு செய்தார். அவர்களும் இதைப் பேய் அமுக்குவதாகவே சொல்கிறார்கள். அவர்களில் மனவடு நோய் (PTSD) உள்ளவர்களுக்கு அமுக்கம் மற்றவர்களைவிட மிக அதிகமாக வந்தது. வாசலில் நின்ற உருவம் பலருக்குக் கொலைக்களத்தில் கண்ட முகமாக இருந்தது. போர் பகலை மட்டும் தின்பதில்லை.

எங்கள் குடாநாட்டில் அப்படியான இரவுகள் எத்தனை வருடம் நடந்தன! 1990இலிருந்து பல ஆண்டுகள் மின்சாரம் இல்லை. ஜாம் போத்தல் விளக்கு, பொம்பரின் இரைச்சல் கேட்டதும் பங்கருக்குள் இறக்கம், பிள்ளைகளை நித்திரையோடு இழுத்துக்கொண்டு ஓட்டம். 1995 ஒக்டோபர் 30 இரவு, மழைக்குள், நாவற்குழிப் பாலத்தை நோக்கி வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்து நடந்தது. அந்த நடை இன்னும் கனவில் வருவதாகச் சொல்வோர் இருக்கிறார்கள். அக்காலத்தில் லேசாக உறங்கத் தெரிந்தவர்தான் தப்பினார். காது காவல் இருக்க, கண் மட்டும் மூடியிருக்கப் பழகிய மூளை, சத்தம் நின்ற பிறகும் காவலை இறக்க மறுக்கிறது. கதவு அடிபட்டால் திடுக்கிட்டு எழும்பும் அம்மாவைப் பலவீனமானவர் என்று நினைத்துவிடாதீர்கள். அன்று பிள்ளைகளைக் காத்த பழக்கம் அது.

பேராசிரியர் தயா சோமசுந்தரமும் மருத்துவர் சிவயோகனும் யாழ்ப்பாணத்தில் நடத்திய ஆய்வு 1994இல் பிரித்தானிய மனநோய் மருத்துவ இதழில் வெளிவந்தது. எழுமாற்றாகத் தெரிந்தெடுத்த 101 பேரில் போர் நெருக்கீடு எதையும் சந்திக்காதவர்கள் 6 சதவீதம் மட்டுமே. மனவடு நோய் 27 சதவீதம். உள்ளத்து வேதனை உடல் நோவாக வெளிப்பட்டவர்கள் 41 சதவீதம். இந்தக் கடைசி எண்ணை நான் முக்கியமாகக் கருதுகிறேன். எங்கள் சனம் "பயமாக இருக்கு" என்று வைத்தியரிடம் சொல்வதில்லை. "நெஞ்சை அடைக்குது, உடம்பு உளையுது, நித்திரை இல்லை" என்றுதான் சொல்லும். போர் முடிந்த 2009இல் யாழ் மாவட்டத்தில் நடந்த இன்னொரு ஆய்வில் மனவடு நோய் 7 சதவீதமாகவும் பதகளிப்பு 32.6 சதவீதமாகவும் காணப்பட்டது.

இந்த மனவடுவோடு வரும் போர்க் கனவு சாதாரணக் கெட்ட கனவு அல்ல. சாதாரணக் கனவில் நேற்றுச் சந்தையில் கண்டவரும் செத்துப்போன பெரியம்மாவும் ஒரே பஸ்ஸில் வருவார்கள். நினைவுகள் கலந்து, கூர் மழுங்கி, பழசாகிப்போகும். கனவு நித்திரையில் நோரட்ரினலின் என்ற பதற்றச் சுரப்பு மூளையில் மிகவும் இறங்கிவிடுவதால்தான் பயங்கரமான நினைவையும் பதறாமல் அசைபோட முடிகிறது என்று ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள். மனவடு பட்டவருக்கு அந்தச் சுரப்பு போதியளவு இறங்குவதில்லை என்பது அவர்கள் கருத்து. அதனால் ஷெல் விழுந்த அதே ஒழுங்கை, அதே குரல், கலப்பில்லாமல் திரும்பத் திரும்ப வருகிறது. பாதியில் முழிப்பு வந்துவிடுவதால் நினைவு செரிப்பதும் இல்லை.

காணாமல் ஆக்கப்பட்டவர்கள் கனவில் வருவதைத் தனியே சொல்லவேண்டும். செத்தவர் கனவில் வந்து பசிக்குது என்றால் எங்கள் வீடுகளில் விருப்பமானதைச் சமைத்துப் படைப்பார்கள். அது நல்ல வழக்கம். துக்கத்துக்கு ஒரு கை வேலை கொடுக்கிறது. காணாமல் போன மகனுக்குத் திதி தெரியாது, திவசம் செய்யவும் மனம் வராது. அவன் கனவில் வந்து படலையில் நின்றால் தாய் அதை உயிரோடிருப்பதற்கு அடையாளமாக எடுத்துக்கொள்கிறாள். போர்க்காலத்தில் மட்டக்களப்பில் உறவினர்கள் அம்மன் கோயில்களில் உருவேறி வாக்குச் சொல்பவர்களிடம் போய்க் காணாமல் போனவர்களைப் பற்றிக் கேட்டதை மானிடவியலாளர் பற்றீசியா லோறன்ஸ் எழுதியிருக்கிறார். கனவு மகனைப் பற்றிச் செய்தி கொண்டுவராது. தாயின் ஏக்கத்தைத்தான் காட்டும். ஆனால் இதை அவளுக்கு எடுத்துச் சொல்லித் திருத்துவது எங்கள் வேலை அல்ல. கனவைக் கேட்க ஒரு ஆள் வேண்டும், அவ்வளவுதான். மகனுக்கு என்ன நடந்தது என்ற பதிலை அரசுதான் தரவேண்டும்.

நித்திரைக்காகக் குடிப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். கள்ளும் சாராயமும் கண்ணை மூடவைக்கும். ஆனால் முன்னிரவில் கனவு நித்திரையை அடக்கிவிடும். போதை இறங்கியதும் அடங்கியிருந்தது மொத்தமாகக் கிளம்பி, பின்னிரவில் கனவுகள் இன்னும் கடுமையாகும். மறுநாள் அவர் கூடக் குடிப்பார். மருத்துவரின் துண்டு இல்லாமல் பார்மசியில் வாங்கும் நித்திரைக் குளிசையும் நீண்டகாலத்தில் இதே சிக்கலில் விடும்.

வழி இருக்கிறது. பகலில், முழிப்பில், அந்தக் கனவை எடுத்து அதன் முடிவை மாற்றி எழுதி, புதுக் கதையை நாள்தோறும் சில நிமிடம் மனதில் ஓட்டிப் பார்க்கும் முறை ஒன்று உண்டு. பரி க்ரக்கோவின் குழு 2001இல் வெளியிட்ட ஆய்வில், பாலியல் வன்முறைக்கு உள்ளான பெண்களுக்கு இது கெட்ட கனவுகளைக் கணிசமாகக் குறைத்தது. மிகக் கொடிய கனவில் தொடங்கக்கூடாது. உளவளத்துணையாளர் ஒருவர் பக்கத்தில் இருப்பது நல்லது. தயா சோமசுந்தரம் தளர்வுப் பயிற்சிக்கு அவரவர் சமயத்துச் சொல்லையே எடுத்துக்கொண்டார்: சைவருக்கு ஓம், கத்தோலிக்கருக்குச் செபமாலை, முஸ்லிம்களுக்கு சுபஹானல்லாஹ். சுனாமிக்குப் பிறகு வடகிழக்கில் ஒரு முகாமில் 31 பிள்ளைகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதிக்கு நடந்ததைக் கதையாகச் சொல்லவைத்தார்கள், மறு பகுதிக்குத் தியானமும் தளர்வும் பழக்கினார்கள். ஆறு அமர்வுகள், உள்ளூர் ஆற்றுப்படுத்துநர்கள். ஆறு மாதத்தில் முதல் பகுதியில் 81 சதவீதமும் மறு பகுதியில் 71 சதவீதமும் மனவடு நோயிலிருந்து மீண்டிருந்தார்கள். ஆகவே விபூதி பூசிக் கவசம் படித்துவிட்டுப் படுப்பவரை நிறுத்தாதீர்கள். மூச்சு சீராகிறது, மனம் ஒன்றில் நிற்கிறது. அதையே வைத்தியத்துக்குப் பதிலாக்கும்போதுதான் வருடங்கள் வீணாகின்றன.

கிழமையில் பல தடவை கனவு எழுப்பினால், படுக்கவே பயம் வந்தால், நித்திரையில் கை கால் வீசிப் பக்கத்தில் இருப்பவரை அடித்தால், பகலில் கதைத்துக்கொண்டிருக்கும்போதே உறங்கிவிழுந்தால் மருத்துவரைக் காணுங்கள். யாழ் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழையிலும் மனநலப் பிரிவுகள் உண்டு. தேசிய மனநல உதவி எண் 1926. போகும்போது எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள், எப்போது முழிப்பு வருகிறது, அமுக்கமா கனவா, இரவில் என்ன குடித்தீர்கள் என்பதை இரண்டு கிழமைக்கு ஒரு கொப்பியில் குறித்துக்கொண்டு போங்கள். "நித்திரை இல்லை" என்ற ஒற்றைச் சொல்லோடு போனால் குளிசைதான் கிடைக்கும்.