ஓர் அமினோ அமிலம் மாறினால்... அரிவாள் செல் ரத்தசோகை ஏற்படுவது எப்படி?

உயிரணுக்களைக் கட்டமைக்கும் பெரும் மூலக்கூறுகளுள் புரதங்கள் முக்கியமானவை. ரத்தச் சிவப்பணுவில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினும் ஒரு புரதமே. அதன் நான்கு சங்கிலிகளில் 574 அமினோ அமிலங்கள் கோக்கப்பட்டுள்ளன. பீட்டா சங்கிலியின் 6-வது இடத்தில் குளுட்டாமிக் அமிலத்துக்குப் பதிலாக வாலின் அமைந்துவிட்டால், ஆக்சிஜனை இறக்கியதும் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டி இழைகளாகின்றன. தட்டு வடிவச் சிவப்பணு அரிவாள் போல வளைந்து, நுண்ணிய ரத்தக் குழாய்களை அடைக்கிறது. கடும் வலியும் உறுப்புப் பாதிப்பும் தொடர்கின்றன.

பெற்றோர் இருவரிடமிருந்தும் இம்மரபணுவைப் பெறும் குழந்தை நோய்க்கு ஆளாகிறது. ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றவரோ, பெரும்பாலும் அறிகுறியின்றியே அதைச் சுமக்கிறார். பரிசோதனை இன்றியமையாததாவது இதனால்தான்.

பழங்குடியினரிடையே அதிகம் காணப்படும் இந்நோயை 2047-க்குள் ஒழிப்பதற்கான தேசிய இயக்கம், 2023 ஜூலை 1 அன்று மத்தியப் பிரதேசத்தின் ஷாதோலில் தொடங்கப்பட்டது. 40 வயதுக்குட்பட்ட 7 கோடி பேரைப் பரிசோதிப்பது அதன் இலக்கு.