அறிக்கை ரெடி... அவைக்கு எப்போது வரும்?

மக்களவையில் பகல் 12 மணிக்குக் கேள்வி நேரம் முடிந்ததும், அமைச்சர்கள் ஒவ்வொருவராக எழுந்து, தங்கள் பெயரில் உள்ள ஆவணங்களைத் தாக்கல் செய்வதாக ஒரு வரி சொல்லிவிட்டு உட்காருவார்கள். டி.வி-யில் பார்த்தால் கொட்டாவிதான் வரும். ஆனால், அரசிடம் இருக்கும் பல முக்கிய அறிக்கைகள் மக்கள் பார்வைக்கு வருவது அந்த ஒரு வரிக்குப் பிறகுதான்!

விசாரணை கமிஷன் அறிக்கையை 6 மாதத்துக்குள், எடுத்த நடவடிக்கை விவரத்தோடு தாக்கல் செய்தாக வேண்டும் என்கிறது 1952-ம் ஆண்டு சட்டம். பாபர் மசூதி இடிப்பை 16 ஆண்டுகளுக்கும் மேல் விசாரித்த லிபரான் கமிஷன், 2009 ஜூன் 30-ல் அறிக்கை கொடுத்தது. கெடு முடியும் முன்பே, நவம்பர் 23-ல் ஒரு நாளிதழில் அது கசிய, அவையில் ஒரே கூச்சல். மறுநாளே தாக்கல் செய்தார் உள்துறை அமைச்சர் ப.சிதம்பரம்.

சி.ஏ.ஜி அறிக்கையின் கதை வேறு. அரசியல் சாசனத்தின் 151-வது பிரிவுப்படி, அது குடியரசுத் தலைவரிடம் போய், அங்கிருந்து இரு அவைகளுக்கும் வரவேண்டும். எத்தனை நாளில்? சாசனம் கெடு விதிக்கவில்லை. ரஃபேல் விமானக் கொள்முதல் அறிக்கை மாநிலங்களவைக்கு வந்தது 2019 பிப்ரவரி 13-ல். கூட்டத்தொடருக்கு மட்டுமல்ல, 16-வது மக்களவைக்கும் அதுதான் கடைசி நாள். அடுத்து தேர்தல்!