குறிப்பெடுத்த ஊர் மருத்துவர்... வழக்கு போட்ட இளைஞர்கள்!
காசர்கோடு எண்டோசல்பான் போராட்டம் சொல்லும் பாடம்

2011-ம் ஆண்டு, மே 13. எண்டோசல்பான் பூச்சிக்கொல்லியை இந்தியாவில் தயாரிக்கவும் விற்கவும் பயன்படுத்தவும் உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்த நாள். அந்த வழக்கைத் தொடுத்தது மருத்துவர் சங்கமும் அல்ல, விவசாயிகள் சங்கமும் அல்ல. இந்திய ஜனநாயக வாலிபர் சங்கம் என்ற இளைஞர் அமைப்பு.

தமிழ்நாட்டில் இன்றைக்கு ஏரி தூர்வார, மரக்கன்று நட, மரபு நெல்லை மீட்க, நஞ்சில்லா உணவைப் பரப்ப என்று ஊருக்கு ஊர் இளைஞர்கள் குழுவாகச் சேர்கிறார்கள். ஆர்வத்துக்குக் குறைவே இல்லை. ஆனால், ‘இந்த மருந்தால்தான் பாதிப்பு என்பதற்கு என்ன ஆதாரம்?’ என்று ஓர் அதிகாரி கேட்டுவிட்டால், பல குழுக்கள் அந்த இடத்திலேயே நின்றுவிடுகின்றன. காசர்கோட்டிலும் இதே கேள்வி வந்தது. அதற்கான பதிலை ஒரு மருத்துவர், ஒரு வேளாண் பத்திரிகையாளர், ஒரு வேளாண் துறை ஊழியர், சில ஆய்வாளர்கள் எனப் பலர் சேர்ந்து, 30 ஆண்டுகளாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தயாரித்தார்கள்.

மேலே முந்திரி... கீழே குடிநீர்!

கேரளத்தின் வடகோடி மாவட்டம் காசர்கோடு. மலையாளம், கன்னடம், துளு என்று பல மொழிகள் புழங்கும் எல்லைப் பகுதி. இங்கே குன்றுகளின் மேல், மாநில அரசுக்குச் சொந்தமான தோட்டக் கழகத்தின் முந்திரித் தோட்டங்கள் 4,000 ஹெக்டேருக்கு மேல் பரந்து கிடக்கின்றன. மக்கள் குடியிருப்பது குன்றுகளுக்குக் கீழே, சரிவிலும் பள்ளத்திலும். குடிநீருக்கு ஓடை, கிணறு, ‘சுரங்கம்’ ஆகிய மூன்றையும் நம்பியிருக்கிறார்கள். செம்புரைக் கல் குன்றைப் பக்கவாட்டில் குடைந்து ஊற்று நீரை வெளியே கொண்டுவருவதற்குத்தான் அங்கே சுரங்கம் என்று பெயர். குன்றின் மேல் எது விழுந்தாலும் கீழே குடிக்கும் தண்ணீரில் சேர்ந்துவிடும் அமைப்பு இது.

முந்திரிக்கு முக்கிய எதிரி தேயிலைக் கொசு. கொழுந்து, பூங்கொத்து, பிஞ்சு ஆகிய மூன்றிலும் சாற்றை உறிஞ்சிக் கருகவைத்துவிடும். இதைக் கட்டுப்படுத்த 1970-களின் பிற்பகுதியில் தொடங்கி 2000 வரை, ஹெலிகாப்டரில் எண்டோசல்பான் தெளித்தார்கள். இது சீக்கிரத்தில் சிதையாத மருந்து. மண்ணில் தங்கும், உடல் கொழுப்பில் சேரும்.

முதலில் கண்ணில்பட்டது கன்று!

மாற்றம் முதலில் தெரிந்தது மாட்டுத் தொழுவத்தில்தான். கை கால் கோணிய கன்றுகள் பிறப்பதைப் பற்றி அந்தப் பகுதியைச் சேர்ந்த வேளாண் பத்திரிகையாளர் ஸ்ரீ பட்ரே, 1970-களின் இறுதியிலேயே எழுதினார். பிற்காலத்தில் ‘அடிகெ பத்ரிகெ’ என்ற கன்னட விவசாய இதழின் ஆசிரியரானவர் இவர். அப்போது அவருடைய எழுத்தைப் பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை.

அடுத்தது, என்மகஜே ஊராட்சியில் சிறிய மருத்துவமனை நடத்திய மருத்துவர் ஒய்.எஸ்.மோகன குமார். சுற்றிலும் உள்ள சில ஊர்களில் இருந்து மட்டும் வலிப்பு, மூளை வளர்ச்சிக் குறைபாடு, பிறவி ஊனம், மனநலக் கோளாறு, புற்றுநோய் என்று வழக்கத்தைவிட அதிகமானோர் வருவதைக் கவனித்தார். ஊர் மக்கள் தெய்வக் குற்றம் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். மருத்துவரோ யார், எந்த வீடு, என்ன நோய் என்று வரிசையாகக் குறித்துக்கொண்டே வந்தார். காரணம் இதுதான் என்று அவசரப்பட்டுச் சொல்லவில்லை. ‘இப்படி நடக்கிறது, ஏன்?’ என்று மருத்துவ உலகத்துக்கு எழுதிக் கேட்டார். பின்னாளில் வந்த ஆய்வாளர்களுக்கெல்லாம் வழிகாட்டியது அந்தக் குறிப்புகள்தான்.

விதியைப் படித்த வேளாண் ஊழியர்!

பெரியா பகுதியில் வேளாண்மைத் துறையில் உதவியாளராக வேலை பார்த்தவர் லீலாகுமாரி அம்மா. தோட்டத்தை ஒட்டி வீடு கட்டிக் குடியேறிய பிறகு, குடும்பத்தில் ஒருவர் மாற்றி ஒருவருக்கு உடம்புக்கு முடியாமல் போனது. அதிகாரிகளுக்கு எழுதிய மனுக்களால் பலன் இல்லை. 1998-ல் அந்தப் பகுதி முன்சீப் நீதிமன்றத்துக்குப் போனார். ஹெலிகாப்டர் தெளிப்புக்குத் தடை கிடைத்தது.

பூச்சிக்கொல்லி விதிகள், 1971-ல் வான்வழித் தெளிப்புக்கென்று தனி விதிகள் உண்டு. தெளிக்கும் பகுதியை அடையாளமிட வேண்டும். 24 மணி நேரத்துக்கு முன்பே மக்களுக்கு அறிவிக்க வேண்டும். வேலையில் தொடர்பில்லாத ஆட்களும் ஆடு மாடுகளும் உள்ளே வராமல் தடுக்க வேண்டும். அனுமதித்த உயரத்தில்தான் பறக்க வேண்டும். வீடும் கிணறும் சுரங்கமும் நெருக்கமாக இருக்கும் அந்தக் குன்றுகளில் இதையெல்லாம் முழுமையாகக் கடைப்பிடிப்பது எந்த அளவுக்குச் சாத்தியம்? நோய்க்குக் காரணம் எது என்பதை அறிவியல்பூர்வமாக நிரூபிக்கப் பல ஆண்டுகள் ஆகும். விதி மீறப்பட்டதா என்பதை இன்றைக்கே கேட்டுவிடலாம்.

இரண்டு ஆய்வு... இரண்டு முடிவு!

2001-ல் டெல்லியைச் சேர்ந்த அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம், அந்தப் பகுதியின் தண்ணீர், ரத்தம் போன்றவற்றைப் பரிசோதித்து, எண்டோசல்பான் எச்சம் மிக அதிகமாக இருப்பதாக வெளியிட்டது. தோட்டக் கழகம் ஏற்பாடு செய்த ஆய்வோ, பயப்படும்படி எதுவும் இல்லை என்றது. இளைஞர்களும் ஊர் மக்களும் குழம்பிப்போனார்கள்.

அப்போது தேசிய மனித உரிமை ஆணையம் தலையிட, அகமதாபாத்தில் உள்ள தேசிய தொழில்சார் நலவாழ்வு நிறுவனம் களத்தில் இறங்கியது. தோட்டத்தின் அடிவாரத்தில் உள்ள ஊரில் இருந்து 117 பள்ளி மாணவர்கள், மருந்து தெளிக்காத வேறோர் ஊரில் இருந்து 90 மாணவர்கள் என 10 முதல் 19 வயதுக்குட்பட்ட பையன்களை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மருந்து தெளித்த ஊர் மாணவர்களின் ரத்தத்தில் எச்சம் அதிகமாக இருந்தது. பருவ வளர்ச்சியும் தாமதமாகியிருந்தது. 2003-ல் இந்த ஆய்வு சர்வதேச ஆய்விதழில் வெளியானது. எண்ணிக்கை குறைவு என்பதால் பெரிய அளவில் மேலும் ஆய்வு தேவை என்பதையும் ஆய்வாளர்களே அதில் எழுதியிருந்தார்கள்.

விவசாயிகளுக்கு இந்த முறை புதிது அல்ல. ஓர் உரம் வேலை செய்கிறதா என்று பார்க்க, உரம் போட்ட பாத்திக்குப் பக்கத்தில் போடாத பாத்தி ஒன்றை விட்டுவைப்போம் இல்லையா? அதுதான் இது. ‘எங்கள் ஊரில் இத்தனை பேருக்கு நோய்’ என்று மட்டும் சொன்னால் அது பாதி ஆதாரம். ‘மருந்து தெளிக்காத பக்கத்து ஊரில் எத்தனை பேருக்கு?’ என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அது முழு ஆதாரம்.

வெளியூரில் இருந்து வந்த துணை!

திருவனந்தபுரத்தில் இயற்கையை நேசிக்கும் இளைஞர்கள் சிலர் 1986-ல் தொடங்கிய அமைப்பு ‘தணல்’. மலையாளத்தில் தணல் என்றால் நிழல். இவர்களும் காசர்கோட்டுக்கு வந்து கணக்கெடுப்பு நடத்தினார்கள். பிலிப்பைன்ஸ் நாட்டின் நச்சியல் பேராசிரியர் ரோமியோ கிஹானோ நேரில் வந்து பார்த்து, 2002-ல் அறிக்கை கொடுத்தார். உள்ளூர் மருத்துவர் எடுத்த குறிப்பும் வெளிநாட்டுப் பேராசிரியரின் அறிக்கையும் ஒரே இடத்தைச் சுட்டிக்காட்டியபோது, போராட்டத்துக்குப் பலம் கூடியது.

அதற்குப் பிறகும் ஒரு குழு பாதிப்பு உண்டு என்றால், இன்னொரு குழு உறுதியாகச் சொல்ல முடியாது என்றது. அறிவியலாளர்களிடையே அந்தக் கருத்து வேறுபாடு முற்றிலும் தீர்ந்துவிடவில்லை. 2010 டிசம்பரில் தேசிய மனித உரிமை ஆணையம் நாடு தழுவிய தடையைப் பரிந்துரைத்தது. 2011 ஏப்ரலில், ஜெனீவாவில் கூடிய ஸ்டாக்ஹோம் ஒப்பந்த நாடுகள், உலக அளவில் ஒழிக்க வேண்டிய ரசாயனங்களின் பட்டியலில் எண்டோசல்பானைச் சேர்த்தன. அடுத்த மாதமே இளைஞர்களின் வழக்கில் உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத் தலைமை இயக்குநரும் மத்திய அரசின் வேளாண் ஆணையரும் தலைமை ஏற்ற நிபுணர் குழுவையும் அமைத்தது.

2017 ஜனவரியில், பாதிக்கப்பட்ட 5,000-க்கும் மேற்பட்டோருக்குத் தலா 5 லட்சம் ரூபாயை 3 மாதத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று கேரள அரசுக்கு அதே நீதிமன்றம் உத்தரவிட்டது. 2022-ல் வழக்கு மீண்டும் வந்தபோது, 3,704 பேரில் 8 பேருக்கு மட்டுமே பணம் போயிருந்தது தெரிந்து நீதிபதிகள் கடுமையாகக் கண்டித்தார்கள். தீர்ப்பு வாங்கியதோடு இளைஞர் அமைப்பின் வேலை முடிந்துவிடுவதில்லை என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

யாரிடம் எதைக் கேட்பது?

உங்கள் ஊர் இளைஞர் குழுவுக்கு நிபுணர்களின் துணை வேண்டும் என்றால், மேடையில் சால்வை போர்த்திப் பேசவைப்பதோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். அவரவர் தொழிலுக்கு ஏற்ற கேள்வியோடு போங்கள்.

மருத்துவர்: ‘இந்த மருந்து கெடுதல் என்று சொல்லுங்கள்’ என்று கேட்காதீர்கள். எந்தெந்த நோய்களைக் கணக்கெடுக்க வேண்டும், எப்படிக் குறிக்க வேண்டும் என்று கேளுங்கள். நோயாளிகளின் பெயர் ஒருபோதும் வெளியே போகக் கூடாது.

கால்நடை மருத்துவர்: கருச்சிதைவு, ஊனக் கன்று, திடீர் இறப்பு ஆகியவற்றைத் தேதியோடு பதிவு செய்யச் சொல்லிக்கொடுப்பார். மேய்ச்சல் மாடும் வாய்க்கால் மீனும் மனிதருக்கு முன்பே பாதிப்பைக் காட்டிவிடும்.

வேளாண் அலுவலர்: எந்தப் பயிருக்கு எந்த மருந்து, என்ன அளவில் அனுமதிக்கப்பட்டிருக்கிறது என்று கேட்டு வாங்குங்கள். நடப்பில் அடிக்கும் அளவைப் பக்கத்தில் எழுதினாலே பாதி உண்மை விளங்கிவிடும்.

ஆய்வகம்: ‘தண்ணீரைச் சோதித்துக் கொடுங்கள்’ என்றால் போதாது. எந்த மருந்தின் எச்சத்தைத் தேட வேண்டும் என்று குறிப்பிட வேண்டும். எந்தப் பாத்திரத்தில், எவ்வளவு நேரத்துக்குள் கொண்டுவர வேண்டும் என்பதை முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். மருந்து அடிக்கும் இடத்துக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு மாதிரி எடுங்கள்.

வழக்கறிஞர்: எந்த விதி மீறப்பட்டிருக்கிறது, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் எந்த ஆவணத்தைக் கேட்கலாம் என்று ஆலோசனை பெறுங்கள்.

எந்த நிபுணராக இருந்தாலும் இரண்டு கேள்விகளைத் தயங்காமல் கேளுங்கள். ‘இந்த ஆய்வுக்குப் பணம் கொடுத்தது யார்?’, ‘இதில் இன்னும் உறுதியாகாதது எது?’. நேர்மையான நிபுணர் இந்த இரண்டுக்கும் கோபப்பட மாட்டார்.

இந்த மாதமே 100 ரூபாய்க்கு ஒரு கெட்டி அட்டை நோட்டு வாங்கி, தேதி, இடம், அடித்த மருந்தின் பெயர், கண்ணால் பார்த்தது என்று நான்கு பத்தி போட்டுக்கொள்ளுங்கள். வாணிநகர் மருத்துவமனையிலும் வேலை இப்படிக் குறித்துவைப்பதில் இருந்துதான் ஆரம்பித்தது.

வாசகர் கேள்விகள்

மருந்து டப்பாவில் எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

முக்கோணத்தின் நிறத்தைப் பாருங்கள். சிவப்பு மிகக் கடுமையான நஞ்சு. அடுத்து மஞ்சள், பிறகு நீலம், கடைசியில் பச்சை. பச்சை என்றாலும் நஞ்சுதான். எந்தப் பயிருக்கு, முறிவு மருந்து என்ன, காலாவதித் தேதி எப்போது என்பதைப் படியுங்கள். ரசீது இல்லாமல் வாங்காதீர்கள்.

முந்திரியில் தேயிலைக் கொசுவை ரசாயனம் இல்லாமல் கட்டுப்படுத்த முடியுமா?

மரத்தில் முசுறு எறும்புக் கூடு இருந்தால் கலைக்காதீர்கள். தேயிலைக் கொசுவை விரட்டுவதில் முசுறு கெட்டி. கொழுந்து, பூ, பிஞ்சு ஆகிய மூன்று பருவத்திலும் தோட்டத்தைச் சுற்றிப் பாருங்கள். கொய்யா, கொக்கோ, வேம்பு ஆகியவற்றிலும் இந்தப் பூச்சி தங்கும் என்பதால், அவற்றின் கொழுந்தையும் கவனிக்க வேண்டும். ஆரம்ப நிலையில் 100 லிட்டர் தண்ணீருக்கு 5 கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பு என்ற கணக்கில் இடித்து, இரவு முழுக்க ஊறவைத்து வடிகட்டி, சிறிது காதி சோப்புக் கரைசல் சேர்த்துத் தெளிக்கலாம். ஓரளவு கட்டுப்படும்.

மருந்தடிக்கும்போது மயக்கம் வந்தால்?

உடனே வயலைவிட்டு வெளியே கொண்டுவந்து, நனைந்த துணியைக் கழற்றி, சோப்புப் போட்டு உடம்பைக் கழுவுங்கள். வாந்தி எடுக்கவைக்காதீர்கள். 108-ஐ அழையுங்கள். மருந்து டப்பாவைக் கையோடு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். என்ன மருந்து என்று தெரிந்தால்தான் மருத்துவர் முறிவு மருந்து கொடுக்க முடியும். டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் தேசிய நஞ்சுத் தகவல் மையத்தை 1800 116 117 என்ற கட்டணமில்லா எண்ணில் அழைத்தும் கேட்கலாம்.