முட்டைப் பந்தும் மின்னல் காலும்

ரக்பி என்றால் நம் அன்னூரில், "அது எந்த ஊர்ச் சரக்கு?" என்று கேட்பார்கள். கேட்பதில் தவறில்லை. முட்டை வடிவப் பந்து; கோஷ்டிக்கு 15 பேர். பந்தை அணைத்துக்கொண்டு ஓடலாம். ஓடுகிறவனைக் கட்டிப் பிடித்துச் சாய்க்கலாம். சடுகுடு ஆடிய பிள்ளைகளுக்கு இவ்வளவும் எளிதில் விளங்கும். விளங்காதது ஒன்றுண்டு: பந்தைக் கையால் முன்னோக்கி எறியக்கூடாது, பக்கவாட்டிலோ பின்புறமோதான் கொடுக்க வேண்டும்.

இந்த ஆட்டத்தில் புகழடைந்த தமிழர் ஒருவரை நேயர்களுக்கு அறிமுகம் செய்ய விரும்புகிறோம். அவர் கொழும்பு ராயல் கல்லூரியில் பயின்ற சும்மா நவரத்தினம். ("சும்மா" என்ற பெயரைக் கண்டு சிரிக்க வேண்டாம், மைதானத்தில் அவர் ஒரு நாளும் சும்மா இருந்தவரல்லர்.)

இலங்கைக்கு ரக்பியைக் கொண்டுவந்தவர்கள் வெள்ளைக்காரர்கள். சுதேசிகள் 1922-இல் தங்களுக்கென ஸீ. ஆர். அண்டு எப். ஸீ. என்ற சங்கத்தை அமைத்துக்கொண்டார்கள். வெள்ளையர் ஆட்டத்தை வெள்ளையரைப் போலவே ஆடிக் காட்டுவோம் என்ற ரோஷத்தை நாம் மெச்சாதிருக்க முடியவில்லை. அந்தச் சங்கத்தின் நட்சத்திரம் நவரத்தினம்.

1950-ஆம் ஆண்டு செப்டம்பரில் பிரிட்டிஷ் லயன்ஸ் கோஷ்டி நியூஸீலந்து, ஆஸ்திரேலியா சுற்றுப்பிரயாணத்தை முடித்துத் திரும்பும் வழியில் கொழும்பில் இறங்கியது. தலைவர் அயர்லாந்துக்காரரான கார்ல் முல்லன். 1948 ஒலிம்பிக் தொடர் ஓட்டத்தில் வெள்ளிப் பதக்கம் பெற்ற வேல்ஸ் வீரர் கென் ஜோன்ஸ் அந்தப் பிரயாணத்தில் புகழ் பெற்றவர்களுள் ஒருவர். சுதந்திரம் பெற்று இரண்டே ஆண்டுகளான இலங்கையின் சார்பில் நவரத்தினம் களமிறங்கினார். முடிவு 44-க்கு 6, தோல்வி இலங்கைக்கு.

படுதோல்விதான். ஆயினும் ஓரத்தில் நின்று ஓடுகிறவனுடைய நிலையைச் சிந்திக்க வேண்டும். முன்னணியினர் முட்டி மோதிப் பந்தைப் பறித்தால்தான் அது கைமாறி அவனிடம் வரும். கொழுத்த சரீரமுள்ள எதிரிகள் பந்தை விடாவிட்டால், கால்களில் மின்னலை வைத்துக்கொண்டும் அவன் காத்து நிற்க வேண்டியதே! எண்களை மட்டும் பார்த்து அவனை எடை போடுவது நியாயமாகாது.

அந்தக் கால்களின் வேகத்தை 1953-இல் உலகம் கண்டது. இந்திய-இலங்கைப் போட்டியில் அவர் 100 மீட்டரை 10.4 விநாடியில் ஓடி, ஆசியாவின் அதிவேக மனிதர் என்று பெயர் பெற்றார். அங்கே யாரும் பந்து கொடுக்க வேண்டியதில்லை அல்லவா?

1925-இல் பிறந்த நவரத்தினம் 2022-இல் காலமானார்.